மூன்றாவது விநாடியில் விழுந்த நிரல்

3, 30, 113, 81, 115, 9, 2, 91, 112, 15...

இவை விநாடிகள். ஒரு மென்பொருளைச் சோதனைக்காக ஓட்டத் தொடங்கியிருக்கிறார்கள். மூன்றாவது விநாடியில் விழுந்துவிட்டது. பார்த்துச் சரிசெய்து மறுபடி ஓட்டினால் முப்பது விநாடி தாக்குப்பிடித்தது. அடுத்து 113. தேறிவிட்டது என்று மூச்சுவிடுவதற்குள் 9, அதற்கடுத்து 2. பட்டியல் இப்படியே 136 கோளாறுகள் வரை போகிறது. நடுநடுவே பூஜ்யமும் உண்டு. ஓடச் சொன்ன கையோடு படுத்துவிட்டது என்று பொருள்.

இதைத் திரட்டி வெளியிட்டவர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜான் மூசா. பட்டியலுக்கு உரிய மென்பொருள் ஏறத்தாழ 21,700 கட்டளைகள் கொண்ட ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு; ஆய்வாளர்களுக்கு அது வெறும் 'சிஸ்டம் 1'. முதல் பத்துக் கோளாறுகளும் பத்து நிமிடத்துக்குள் வந்து விழுந்தன. கடைசிப் பத்து வருவதற்கு ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆனது. 136 கோளாறுகளுக்கும் சேர்த்து நிரல் உண்மையில் ஓடிய நேரம் இருபத்தைந்து மணி நேரம்கூட இல்லை. நம்பகத்தன்மையைக் கணிக்க யார் புதிதாக ஒரு கணித மாதிரி போட்டாலும், முதலில் இந்தப் பழைய பட்டியலில்தான் உரசிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

இந்தப் பட்டியலில் எங்குமே நிரலில் எத்தனை பிழை இருக்கிறது என்ற கணக்கு இல்லை. எவ்வளவு நேரம் ஓடியபின் விழுந்தது என்பது மட்டும்தான் இருக்கிறது. இன்றைக்கும் பல அலுவலகங்களில் வாராந்தரக் கூட்டம் 'எத்தனை பக் ஓப்பன்?' என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறது. அந்த எண்ணிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, கையில் கடிகாரத்தை எடுத்துக்கொண்டதில்தான் மென்பொருள் நம்பகத்தன்மைப் பொறியியல் பிறந்தது.

கடிகாரம் ஏற்கெனவே பக்கத்து வீட்டில் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கப் படைகளின் மின்னணுக் கருவிகள் ஓயாமல் பழுதாகிக்கொண்டிருந்தன. வெற்றிடக் குழாய்கள் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. 1952இல் பாதுகாப்புத் துறை இதற்கென ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தது. 1957இல் அதன் அறிக்கை வந்தது. ஒரு கருவி, குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட காலம் வரை பழுதில்லாமல் ஓடுவதற்கான வாய்ப்பு எவ்வளவோ அதுவே நம்பகத்தன்மை என்ற வரையறை வன்பொருள்காரர்களிடம் நிலைபெற்றது. மென்பொருள்காரர்கள் பிற்பாடு அதை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

எடுத்தபோது எதிர்ப்பு இல்லாமல் இல்லை. எதிர்ப்பிலும் நியாயம் இருந்தது. பல்பு தேயும், மோட்டார் சூடேறும், கம்பி துருப்பிடிக்கும். நிரல் எதில் தேயும்? இன்று ஒரு உள்ளீட்டுக்குச் சரியான விடை தந்த நிரல், அதே நிலையில் அதே உள்ளீட்டைக் கொடுத்தால் நூறு ஆண்டு கழித்தும் சரியான விடைதான் தரும். தவறாக எழுதிய வரி தவறு. சரியாக எழுதியது சரி. இதில் நிகழ்தகவுக்கு என்ன வேலை?

சாலையில் இருக்கும் பள்ளத்தை நினைத்துக்கொண்டால் விடை எளிது. பள்ளம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதில் தற்செயல் ஒன்றுமில்லை. ஆனால் எந்த வண்டி எப்போது அதில் இறங்கும் என்பது போக்குவரத்தைப் பொறுத்தது. பிழை நிரலில் அசையாமல் கிடக்கிறது. கோளாறு என்பது யாரோ ஒருவருடைய உள்ளீடு அந்த வரிக்குப் போய்ச் சேரும் கணத்தில் நடப்பது. உள்ளீடுகள் எந்த வரிசையில் வரும் என்பது யார் கையிலும் இல்லை. பிழை எங்கே கிடக்கிறது என்பதும் எழுதியவருக்கே தெரியாது, தெரிந்தால் விட்டுவைத்திருக்க மாட்டார். நிகழ்தகவு நுழைவது இந்த இரண்டு வாசல்கள் வழியாகத்தான். பிழை வேறு, கோளாறு வேறு என்று பிரித்துப் பார்த்ததுதான் இந்தத் துறை எடுத்து வைத்த முதல் அடி என்று நான் சொல்வேன். மற்றதெல்லாம் அதன்மேல் கட்டியது.

இது தொலைபேசிக்காரர்கள் வீட்டில் வளர்ந்ததும் தற்செயல் அல்ல. 1965 மே மாதம் நியூ ஜெர்சியின் சுக்காசன்னா என்ற சிற்றூரில், நிரலால் இயங்கும் முதல் பெரிய வணிகத் தொலைபேசி நிலையமான நம்பர் 1 ஈஎஸ்எஸ் வேலைக்கு வந்தது. அதற்குப் பெல் ஆய்வகம் வைத்திருந்த இலக்கு: நாற்பது ஆண்டில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிலையம் செத்துக் கிடக்கக் கூடாது. ஆண்டுக்கு மூன்று நிமிடம்! இலக்கின் கடுமை இருக்கட்டும். 'பழுதே ஆகாது' என்று அவர்கள் எழுதி வைக்கவில்லை என்பதைத்தான் நான் கவனிக்கிறேன். இரண்டு மணி நேரம் போகலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, அதற்குள் எப்படி நிற்பது என்று யோசித்தார்கள்.

1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மாநாட்டில், எழுதும் மென்பொருள் நம்பும்படி இல்லை என்ற 'மென்பொருள் நெருக்கடி'யைப் பற்றி எல்லோரும் புலம்பியது தெரிந்த கதை; கடந்து போவோம். புலம்பலைக் கணக்காக்கும் முயற்சி 1972இல் மெக்டானல் டக்ளஸ் நிறுவனத்தின் ஜெலின்ஸ்கி, மொராண்டா இருவரிடமிருந்து வந்தது. நிரலில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பிழைகள் உள்ளன, ஒவ்வொன்றும் சம அளவு ஆபத்தானது, ஒன்றை நீக்கினால் கோளாறு வரும் வேகம் அதே அளவு குறையும் என்பது அவர்கள் வாதம். அழகான சமன்பாடு. ஆனால் லண்டனில் பெவ் லிட்டில்வுட் அதை ஏற்கவில்லை. 1973இல் வெரால் என்பவருடன் சேர்ந்து வேறு மாதிரி ஒன்றைப் போட்டார். எல்லாப் பிழையும் ஒரே பருமன் என்று யார் சொன்னது என்பது அவர் தரப்பு. நெடுஞ்சாலைப் பள்ளமும் முட்டுச்சந்துப் பள்ளமும் ஒன்றா?

1975இல் மூசாவின் கட்டுரை வந்தது. அவர் கொண்டுவந்த மாற்றத்தைக் கேட்டால் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். காலண்டர் நாட்களை எண்ணாதீர்கள், நிரல் உண்மையில் செயலியில் ஓடிய நேரத்தை எண்ணுங்கள் என்றார். திங்கட்கிழமை நான்கு பேர் சோதித்தார்கள், செவ்வாய் இயந்திரம் வேறு வேலைக்குப் போய்விட்டது, புதன் விடுமுறை. நாட்கணக்கில் பார்த்தால் செவ்வாயும் புதனும் மென்பொருள் தங்கமாக இருந்ததுபோல் தெரியும். ஓடாத நிரல் விழாது என்பதைத் தவிர அதில் சேதி ஒன்றுமில்லை. ஓட்ட நேரத்துக்கு மாறியதும் மேலும் கீழுமாகத் துள்ளிக்கொண்டிருந்த புள்ளிகள் ஓரளவு ஒழுங்காக ஒரு வளைகோட்டில் வந்து உட்கார்ந்தன. மேலே பார்த்த 3, 30, 113 எல்லாமே ஓட்ட நேரம்தான்.

லிட்டில்வுட்டின் சந்தேகத்துக்குச் சான்று 1984இல் ஐபிஎம்மிலிருந்து வந்தது. எட்வர்ட் ஆடம்ஸ் என்பவர் அந்நிறுவனத்தின் ஒன்பது பெரிய மென்பொருள்களின் பிழை வரலாற்றைத் தோண்டினார். கண்டுபிடிக்கப்பட்ட பிழைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எப்படிப்பட்டவை தெரியுமா? ஒரு இயந்திரம் 5,000 ஆண்டு ஓடினால் சராசரியாக ஒரு முறை தலைகாட்டக்கூடியவை. ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் சேர்ந்து ஓட்டியதால்தான் அவை கண்ணில் பட்டன. பயனரை நாள்தோறும் படுத்தியெடுத்தவை ஒரு சிறு கைப்பிடிப் பிழைகள் மட்டுமே. அப்படியானால் நூறு பிழைகளைத் திருத்திவிட்டோம் என்று மார்தட்டும் குழு பயனருக்கு ஒன்றுமே செய்யாமல் இருந்திருக்கலாம். இரண்டே பிழையைத் திருத்தியவர் பாதித் தொல்லையைப் போக்கியிருக்கலாம். அது மட்டுமல்ல, திருத்தம் என்பதே புதுக் கோளாறுக்கு வாசல் என்பதால், ஐயாயிரம் ஆண்டுப் பிழையை வாடிக்கையாளரின் இயந்திரத்தில் போய் நோண்டாமல் விடுவதே மேல் என்ற முடிவுக்கும் ஆடம்ஸ் வந்தார். அதே 1984இல் மூசாவும் ஒகுமோட்டோ என்பவரும் சேர்ந்து புது மாதிரி ஒன்றைப் போட்டார்கள்: முதலில் சிக்கும் பிழைகள் பெரியவை, அவற்றை நீக்கினால் பலன் அதிகம், போகப்போக ஒவ்வொரு திருத்தத்தின் பலனும் சுருங்கும்.

இடையில் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து, பின்னர் பெர்க்லியில் பேராசிரியராக இருந்த சி.வி. ராமமூர்த்தி, பாஸ்டானி என்பவரோடு சேர்ந்து 1982இல் இத்துறை எங்கே நிற்கிறது என்று ஒரு விரிவான மதிப்பீடு எழுதினார். அதற்குள்ளாகவே மாதிரிகள் காடுபோல் மண்டியிருந்தன. என் கருத்தில், புதிதாகக் கற்க வருகிறவர் இந்தக் காட்டுக்குள் முதல் நாளே போக வேண்டியதில்லை. கணிதம் தெரிந்தவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். கையில் பிடித்து வேலை செய்ய உதவும் பகுதி வேறு. மூசா அதை 1993இல் எழுதினார். ஆபரேஷனல் ப்ரொஃபைல் என்பார்கள். பயனர்கள் எதை எவ்வளவு செய்கிறார்கள் என்ற பட்டியல்.

ஒரு தொலைபேசி நிலையத்தில் நாளொன்றுக்கு 1,00,000 வேலைகள் நடப்பதாக வைத்துக்கொள்வோம். சாதாரண அழைப்பை இணைப்பது 90,000. அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடுவது 8,000. பலர் சேர்ந்து பேசும் அழைப்பு 1,900. சந்தாதாரர் விவரம் மாற்றுவது 90. ஏதோ பழுதாகி நிலையம் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்வது 10. டெஸ்டிங் குழுவிடம் பொறுப்பைக் கொடுத்தால் பெரும்பாலும் என்ன செய்வார்கள்? ஐந்து வேலை, ஒவ்வொன்றுக்கும் இருநூறு டெஸ்ட் என்று சமமாகப் பங்கிடுவார்கள். அல்லது சுவாரசியமான மூலைமுடுக்கில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். மூசா சொன்னது, ஆயிரம் டெஸ்ட் ஓட்டினால் தொள்ளாயிரம் சாதாரண அழைப்புக்கு, எண்பது திருப்பிவிடுவதற்கு, பத்தொன்பது கூட்டு அழைப்புக்கு. அதுவும் ஒன்று முடிந்தபின் அடுத்தது என்று வரிசைகட்டி அல்ல. குலுக்கிப் போட்டு, எது வருமோ அது. நிஜ வாழ்க்கையில் ஒரு அழைப்பு விட்டுச்சென்ற குப்பையில்தான் அடுத்த அழைப்பு தடுக்கி விழும்.

இதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கோளாறு என்றால் என்ன என்று பயனர் பக்கமிருந்து எழுதிவைக்க வேண்டும். அழைப்பு கிடைக்காமல் போவது கோளாறு. பேச்சு பாதியில் அறுந்தால் கோளாறு. உள்ளே பதிவேட்டில் ஒரு எச்சரிக்கை வரி விழுந்தால், பயனருக்கு ஒன்றும் ஆகாதவரை அது கோளாறு அல்ல. பிறகு ஆயிரம் மணி நேர ஓட்டத்துக்கு எத்தனை கோளாறு வரை பொறுக்கலாம் என்ற எண். இதைப் பொறியாளர் தனியாக முடிவு செய்யக் கூடாது. வாங்குகிறவர், விற்கிறவர், எழுதுகிறவர் மூவரும் உட்கார்ந்து பேச வேண்டும். எண்ணை இறுக்கினால் செலவும் கூடும், தேதியும் தள்ளும் என்பது அந்த மேசையில்தான் எல்லோருக்கும் உறைக்கும். அப்புறம் குலுக்கல் முறையில் டெஸ்ட் ஓட்டி, ஓட்ட நேரத்தோடு கோளாறுகளைக் குறித்துக்கொண்டே வந்தால், இப்போதைய கோளாறு வீதம் தெரியும். அது இலக்கில் பாதிக்கு இறங்கியபின் வெளியிடுங்கள் என்பது மூசாவின் கைக்கணக்கு. கணிப்பில் பிசகு இருக்கும், அதற்குத்தான் அந்த இடைவெளி.

ஏடி அண்ட் டியின் டெஃபினிட்டி என்ற அலுவலகத் தொலைபேசி அமைப்பில் வேறு சில தர நடைமுறைகளோடு சேர்த்து இதைச் செய்து பார்த்தார்கள். வாடிக்கையாளர் புகார் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. பராமரிப்புச் செலவும் அதே அளவு இறங்கியது. சோதனைக் காலம் பாதியானது. புகழ் முழுவதையும் இந்த ஒரு பட்டியலுக்கே எழுதி வைக்க முடியாது. ஆனால் சோதனையைக் கூட்டாமல், இடம் மாற்றி வைத்ததில் கிடைத்த ஆதாயம் அதில் கணிசமானது.

இனி அந்தப் பட்டியலின் கடைசி வரிக்கு வருவோம்: மறுதொடக்கம், நாளுக்குப் பத்து. ஆயிரம் டெஸ்டில் அதற்கு ஒன்றுகூடத் தேறாது.

1990 ஜனவரி 15, பிற்பகல். நியூயார்க்கில் ஏடி அண்ட் டியின் நெடுந்தொலைவு நிலையம் ஒன்றில் சிறு வன்பொருள் பழுது. வழக்கம்போல் நிலையம் தன்னைச் சில விநாடிகள் விலக்கிக்கொண்டு மறுதொடக்கம் செய்து, 'வந்துவிட்டேன்' என்பதுபோல் மறுபடி அழைப்புகளை அனுப்பத் தொடங்கியது. அண்டை நிலையங்கள் அதைக் கண்டு தங்கள் குறிப்பேட்டைத் திருத்திக்கொண்டன. அந்தத் திருத்தம் நடந்துகொண்டிருக்கும் நொடிப்பொழுதில், விநாடியில் நூறில் ஒரு பங்கு இடைவெளியில், அதே நிலையத்திலிருந்து இரண்டாவது செய்தி வந்தால் என்ன ஆகும்? முந்தைய மாதம்தான் செய்திகளை வேகமாகக் கையாள்வதற்காகப் புது மென்பொருள் ஏற்றியிருந்தார்கள். சி மொழியில் எழுதிய அந்த நிரலில் ஒரு 'ப்ரேக்' கட்டளை இடம் மாறி உட்கார்ந்திருந்தது. அதனால் நினைவகத்தில் தவறான இடத்தில் தகவல் எழுதப்பட்டது. அண்டை நிலையம் 'எனக்கு உடம்பு சரியில்லை' என்று மறுதொடக்கத்துக்குப் போனது. திரும்பி வந்ததும் தன் அண்டை நிலையத்தை அதே வழியில் படுக்க வைத்தது. 114 நிலையங்களிலும் ஒரே மென்பொருள், ஒரே பிழை. ஒன்பது மணி நேரம் அமெரிக்காவின் நெடுந்தொலைவு அழைப்புகளில் ஏறத்தாழ பாதி கிடைக்கவில்லை. ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும் என்று கட்டிய அமைப்பு, ஒன்றை ஒன்று தள்ளிவிட்டுக்கொண்டிருந்தது.

அரிதாக நடக்கும், ஆனால் நடந்தால் ஊரையே இருட்டாக்கும் வேலைகளைப் பட்டியலில் தனியே பிரித்து, அவற்றின் நிஜ விகிதத்தைவிடப் பல மடங்கு அதிகமாகச் சோதியுங்கள் என்று மூசாவின் முறையே சொல்கிறது. பட்டியலைக் கற்றவர்கள் அடிக்கடி விட்டுவிடும் வரி அது. பழுதிலிருந்து மீளும் நிரல்தான் ஊரில் மிகக் குறைவாக ஓடிப் பழகிய நிரல். அது ஓட வேண்டிய நேரமோ மிக மோசமான நேரம்.

எவ்வளவு சோதித்தாலும் எட்டாத உயரமும் உண்டு. விமானத்தை ஓட்டும் மென்பொருளுக்கு நூறு கோடி மணி நேரத்தில் ஒரு பெருங்கோளாறு என்ற அளவில் இலக்கு வைப்பார்கள். நாசாவின் பட்லர், ஃபினெல்லி இருவரும் 1990களின் தொடக்கத்தில் எளிய கணக்கு ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள்: சோதித்து அதை மெய்ப்பிக்க ஒரு இயந்திரம் 1,14,000 ஆண்டுகளுக்கு மேல் ஓட வேண்டும். அங்கே மூசாவின் கடிகாரம் உதவாது. வேறு வகை நிரூபணம் வேண்டும்.

இணையம் வந்தபிறகு கதை ஊர் மாறியது. தொலைபேசி நிலையத்தில் மென்பொருளை எப்போதாவதுதான் மாற்றுவார்கள். இணையத் தளத்தில் ஒரே நாளில் பலமுறை மாற்றுவார்கள். 2003இல் கூகுளில் பென் ட்ரெய்னர் ஸ்லாஸ் என்பவரிடம் ஏழு பொறியாளர் கொண்ட குழு ஒன்றை ஒப்படைத்தார்கள். தளம் படுக்காமல் பார்த்துக்கொள்வது வேலை. சிஸ்டம் நிர்வாகிகளை வைத்துச் செய்துவந்த வேலையை மென்பொருள் எழுதுகிறவர்கள் எப்படிச் செய்வார்களோ அப்படிச் செய்தார் அவர். நேரத்தில் பாதிக்கு மேல் கைவேலையில் போகக் கூடாது, மீதியில் அந்தக் கைவேலையை ஒழிக்கும் நிரலை எழுத வேண்டும் என்று விதி வைத்தார்.

அவர்கள் எதிர்கொண்டது எல்லா நிறுவனத்திலும் நடக்கும் மாமியார் மருமகள் சண்டை. எழுதுகிறவருக்குப் புது வசதியை இன்றே ஏற்ற வேண்டும். இரவில் ஆன்-கால் போனை வைத்துக்கொண்டு தூங்குகிறவருக்கு எதுவும் மாறாமல் இருந்தால் போதும். தீர்ப்பு சொல்ல எரர் பட்ஜெட் வந்தது. மாதத்தில் 99.9 சதவீதம் தளம் எழுந்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டால், மிச்சம் 0.1 சதவீதம் செலவழிக்கக் கிடைக்கும் பணம். முப்பது நாளுக்கு 43 நிமிடம் சொச்சம். பணம் இருக்கும்வரை புது ரிலீஸ் போட்டுக்கொண்டே இருக்கலாம், யாரும் தடுக்கக் கூடாது. தீர்ந்துவிட்டால் மாதம் முடியும்வரை தளத்தைத் திடப்படுத்தும் வேலை மட்டும். கத்திப் பேசுகிறவர் ஜெயிக்கும் கூட்டங்கள் இதனால் குறைந்தன. நூறு சதவீதம் என்ற இலக்கே தவறு என்று 2016இல் வந்த அவர்களுடைய புத்தகம் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது: பயனருக்கும் தளத்துக்கும் நடுவில் அவருடைய போன், வைஃபை, இணைய இணைப்பு எல்லாம் இருக்கின்றன, அவை விழுவதற்கு நடுவில் நீங்கள் கடைசிப் புள்ளிக்காகக் கொட்டும் உழைப்பு அவருக்குத் தெரியப்போவதில்லை. பெல் ஆய்வகத்துக்காரர் நாற்பது ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் என்று எழுதியபோது இருந்த அதே மனசுதான், வேறு தெரு வழியாக வந்து சேர்ந்திருக்கிறது.

அந்தப் புத்தகத்தில் சப்பி என்ற உள்சேவையின் கதை ஒன்று வருகிறது. பல கணினிகள் ஒன்றையொன்று முந்திக்கொள்ளாமல் பூட்டு வைத்துக் காக்கும் சேவை அது. விழுவதே அபூர்வம் என்பதால் மற்றக் குழுக்கள் அது ஒருநாளும் விழாது என்று நம்பித் தங்கள் மென்பொருளை அதன்மேல் சாய்த்துக் கட்டிவிட்டன. எப்போதாவது அது விழுந்தபோது அவையும் சேர்ந்து விழுந்து, பயனர்வரை அடி போனது. பொறுப்பில் இருந்தவர்கள் ஒரு வழி கண்டார்கள். சப்பி வாக்குக் கொடுத்த இலக்கைவிட நல்லபடியாகவே ஓடிவிட்ட காலாண்டில், மிஞ்சிய பட்ஜெட்டை வைத்துக்கொண்டு, அவர்களே அதை வேண்டுமென்று கொஞ்ச நேரம் அணைத்து வைக்க ஆரம்பித்தார்கள். யார் யார் சாய்ந்து நிற்கிறார்கள் என்பது உடனே தெரிந்துவிடும். அவர்கள் வந்து தங்கள் நிரலைத் திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.